ஸ்கிப் பட்டனுக்கு முன்னால்

ஒரு கொரில்லா தோளில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறுகிறது. உச்சிக்குப் போய் அவளை இறக்கிவிட்டு அங்குமிங்கும் குதிக்கிறது. அது குதிக்கக் குதிக்க, அதுவரை நேராகக் கிடந்த சட்டங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து கோணலாகின்றன. அவ்வளவுதான், சில நொடிகள். அடுத்து, கீழே நிற்கும் மீசைக்காரக் குள்ளனை நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 1981-இல் நிண்டெண்டோ வெளியிட்ட டாங்கி காங் ஆட்டம் இப்படித்தான் தொடங்கியது.

வீடியோ கேமில் கதை சொல்லும் சிறுகாட்சி இதற்கு முன்பும் உண்டு. 1980-இல் வந்த பாக்-மேனில் சில சுற்றுகளுக்கு ஒருமுறை மஞ்சள் உருண்டையும் பேயும் ஒன்றையொன்று துரத்தும் இடைவேளை வரும். ஆனால் தொடக்கக் காட்சி என்ற குடும்பத்துக்கு அந்தக் கொரில்லாவைத்தான் மூதாதை என்பேன். அது கோணலாக்கிய அதே சட்டங்கள்மேல்தான் நாம் ஓடப்போகிறோம். பீப்பாய் ஏன் உருண்டு வருகிறது, மேலே யார் அழுகிறார்கள், தரை ஏன் சரிவாக இருக்கிறது என்று ஒருவரும் விளக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். ஆடுபவன் நடக்கப்போகும் தரையைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் முதல் காட்சியின் வேலை. நாற்பது ஆண்டுகளில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்த காட்சிகளைவிட, தன் அழகைக் காட்டிக்கொண்டு நின்ற காட்சிகளே அதிகம்.

'கட்-சீன்' என்ற பெயர் வந்தது 1987-இல். லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் மேனியாக் மேன்ஷன் ஆட்டத்தைச் செய்த ரான் கில்பர்ட் வைத்த பெயர். மறு ஆண்டே ஜப்பானின் டெக்மோ, நிலவுக்குக் கீழே இரண்டு நிஞ்சாக்கள் பாய்ந்து மோதும் காட்சியோடு நிஞ்சா கெய்டனைத் தொடங்கியது. குறுவட்டு வந்தபின் காட்சிகள் ஊதிப் பெருத்தன. 1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7, ஒரு பெண்ணின் முகத்திலிருந்து விலகி விலகி ஒரு நகரத்தையே காட்டிவிட்டு, ஓடிவரும் ரயிலில் இறங்கி, அது நின்ற இடத்தில் ஆட்டத்தை நம்மிடம் ஒப்படைத்தது. மறு ஆண்டு ஹாஃப்-லைஃப், காட்சியே வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஆடுபவனை ஒரு டிராம் வண்டியில் ஏற்றி, ஆய்வுக்கூடம் முழுக்க மெதுவாகச் சுற்றிக்காட்டி, வண்டிக்குள் நடக்கவும் தலையைத் திருப்பவும் மட்டும் உரிமை கொடுத்தது. முதல் காட்சி எழுதுகிறவர்கள் இன்றுவரை இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

நம் மலேசியாவுக்கு வந்துசேர்ந்த முதல் காட்சி ஒன்றுக்குப் பூர்வீகம் லாஸ் வேகஸ். 1995-இல் வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் வெளியிட்ட கமாண்ட் அண்ட் கான்கர் ஆட்டத்தைத் திறந்தால் முதலில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. யார் கையிலோ ரிமோட். சேனல்கள் மாறிக்கொண்டே போகின்றன. செய்தியும் விளம்பரமும் அரட்டையும் கலந்து ஓடும் அந்தத் துண்டுகளுக்கு நடுவே டைபீரியம் என்ற விநோதப் பொருளைப் பற்றியும், அதற்காக மூளும் போரைப் பற்றியும் காதில் விழுகிறது. உலகம் எப்படிக் கெட்டுக்கிடக்கிறது என்று யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை. வீட்டுக் கூடத்தில் சேனல் மாற்றுகிற பழக்கத்துக்குள்ளேயே கதையை ஒளித்துவைத்து எழுதியிருந்தார்கள். கெட்டிக்கார எழுத்து. இதற்கும் முன்னால் இன்னொரு காட்சி உண்டு. ஆட்டத்தைக் கணினியில் ஏற்றும்போது வெறும் சதவீதக் கோடு ஓடாது. ஒரு பெண் குரல் ராணுவக் கணினிபோலப் பேசிப் பேசி நம்மைப் படையில் சேர்த்துக்கொள்ளும். காத்திருக்கும் நேரத்தையே கதையாக்கிவிட்டார்கள்.

வெஸ்ட்வுட் 2003-இல் மூடப்பட்டது. அங்கிருந்து வெளியேறியவர்கள் அதே லாஸ் வேகஸில் பெட்ரோகிளிஃப் என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். பழைய ஆட்டத்தைப் புதுப்பிக்க இலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் முடிவெடுத்தபோது பெட்ரோகிளிஃபோடு கைகோத்தது கோலாலம்பூரின் லெமன் ஸ்கை ஸ்டூடியோஸ். 2006-இல் தொடங்கிய நிறுவனம் அது. உலகத்தின் பெரிய ஆட்டங்களுக்கு உருவம் செதுக்கித் தருவதே அவர்கள் தொழில்.

இந்த வேலை என்னவென்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 1995 ஆட்டத்தின் வரைபடக் கட்டம் ஒன்று 24 புள்ளிக்கு 24 புள்ளி. அந்தச் சிறு சதுரத்துக்குள் ஒரு டாங்கி நிற்கும். குழல் எது, சக்கரம் எது என்று அன்று ஆடியவர்கள் பாதியைக் கண்ணாலும் மீதியைக் கற்பனையாலும் பார்த்தார்கள். அதையே 4கே திரைக்கு வரைய வேண்டுமென்றால் கற்பனையில் விட்டதையெல்லாம் கோலாலம்பூரில் ஒருவர் உட்கார்ந்து முடிவுசெய்தாக வேண்டும். ஆணி எத்தனை, துரு எங்கே, கூரை ஓடா தகரமா? இருபத்தைந்து ஆண்டுகளாக மனசுக்குள் ஒரு டாங்கியை வைத்திருக்கும் ரசிகன் பார்த்ததும் 'இது என் டாங்கி இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது. படைப்புச் சுதந்திரம் என்று யாராவது பேசினால் இந்த மாதிரி வேலையை ஒருநாள் செய்துபார்க்கச் சொல்ல வேண்டும்.

நடிகர்களை வைத்து எடுத்த காட்சிகளுக்கு வேறு விதி. நல்ல தரத்தில் மூல நாடாக்கள் கைக்குக் கிடைக்கவில்லை. மங்கலான பழைய வீடியோவையே செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் பெரிதாக்கினார்கள். படையில் சேர்த்துக்கொள்ளும் குரலைத் தந்த கியா ஹண்ட்ஸிங்கரைத் திரும்ப அழைத்து அவருடைய வசனங்களை மறுபடி பேசவைத்தார்கள். புதிய பதிப்பை முதன்முறை திறக்கும்போது அந்தப் பழைய 'ஏற்றும் காட்சி' கரடுமுரடான புள்ளிகளோடு தொடங்கி, நம் கண்முன்னாலேயே இன்றைய தெளிவுக்கு மாறுகிறது. ஆட்டத்துக்குள் ஸ்பேஸ்பாரைத் தட்டினால் 1995-இன் படமும் 2020-இன் படமும் மாறி மாறி வரும். வெளியான நாள் 2020 ஜூன் 5. மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது அதே ஆண்டு மார்ச் 18. வேலையின் கடைசி நீட்டத்தில் ஊரே வீட்டுக்குள் இருந்தது.

அதே 2020-இன் ஜனவரியில் நடந்த கதை இவ்வளவு இனிப்பானது அல்ல. 2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3 ஆட்டத்தைப் புதுப்பித்து, ரீஃபோர்ஜ்ட் என்ற பெயரில் பிளிஸார்ட் வெளியிட்டது. 2018 நவம்பரில் அறிவித்தபோது நான்கு மணி நேரத்துக்கும் மேலான ஆட்டக் காட்சிகளைப் புதுக்கோணத்தில் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். இளவரசன் தன் குடிமக்களையே வெட்டத் துணியும் காட்சியைப் புதிதாக எடுத்து மேடையில் போட்டும் காட்டினார்கள். வெளியான ஆட்டத்திலோ கேமரா பழையபடி மேலே தொங்கிக்கொண்டு உச்சந்தலையைத்தான் காட்டியது. ரசிகர்கள் கொதித்தார்கள், மெட்டாகிரிடிக் தளத்தில் ஆடியவர்கள் தந்த மதிப்பெண் பத்துக்கு ஒன்றுக்கும் கீழே போனது, பிளிஸார்ட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

புதிய உருவங்களை வடித்துக் கொடுத்ததில் லெமன் ஸ்கைக்குப் பங்கு இருந்தது. கோபத்தில் ஒரு பகுதி இங்கே திரும்பியது. 'மலேசியாவில் மலிவாகச் செய்யக் கொடுத்தார்கள், அதனால்தான்' என்றார்கள். மறு ஆண்டு ஜூலையில் புளூம்பெர்க் செய்தியாளர் ஜேசன் ஷ்ரையர் உள்கதையை வெளியிட்டார். போதாத பட்ஜெட், சிறிய குழு, மேலிடத்துக் குழப்பம், இவைதான் காரணம் என்று அதில் தெரிந்தது. உருவங்கள் வந்து நின்றிருக்கின்றன. அவற்றை நடிக்கவைக்கத்தான் ஆளும் காசும் இல்லை. கூலிக்கு வேலை செய்பவன் எல்லா ஊரிலும் இப்படித்தான் ஏச்சு வாங்குகிறான். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

படத்தை இங்கே வரைகிறோம், முதல் பக்கத்தை வேறெங்கோ எழுதுகிறார்கள். நெடுநாள் நிலைமை இதுதான். 1996-இல் தொடங்கிய மல்டிமீடியா பெருவழித் திட்டம், சைபர்ஜெயா, பண்டார் சன்வேயிலும் பிற இடங்களிலும் வளர்ந்த கலைக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து நல்ல கைகளை உருவாக்கின. 2020-இல் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவு கோலாலம்பூரில் ஸ்டூடியோ திறந்தது. பெல்ஜியத்தின் லாரியனும் அதே காலத்தில் இங்கே கிளை போட்டது. அவர்களின் பால்டர்ஸ் கேட் 3 வெளியாகி உலகத்தின் பரிசுகளை அள்ளியபோது, அந்தப் பெயர்ப் பட்டியலில் நம்மூர்ப் பெயர்களும் ஓடின. கடைசியில் ஓடும் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. முதல் பக்கத்தில்?

அதையும் இங்கேயே எழுதிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 2017 அக்டோபரில் கோலாலம்பூரின் கைகன் கேம்ஸ் வெளியிட்ட சிமுலாக்ராவில் மலையும் மாளிகையும் கிடையாது. யாரோ தொலைத்த கைப்பேசி ஒன்று உங்கள் கையில் கிடைக்கிறது. அன்னா என்ற பெண்ணுடையது. திறந்தால் அவள் பதறிப் பேசும் ஒரு வீடியோ. திரையே கைப்பேசி, ஆட்டமே அதை நோண்டுவது. காசு இல்லாத இடத்தில் எழுத்து என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பிறர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கும் கூச்சமும் ஆசையும் தரையாகிவிட்டது. ஆடுபவன் அதன்மேல்தான் கடைசிவரை நடக்கிறான்.

அடுத்தது மெட்ரோனோமிக் ஸ்டூடியோ. டோக்கியோவில் ஸ்குவேர் எனிக்ஸில் ஃபைனல் ஃபேன்டசி 15-இல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய வான் ஹஸ்மரும், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு ஓவியம் தீட்டிய அவருடைய உறவினர் டைம் சியாவுடினும் 2017-இல் தொடங்கியது. 2020 ஆகஸ்ட் 25-இல் வந்த நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் ஆட்டத்தில் மேடே, சூக் என்ற இருவர் கொண்ட ராக் குழு ஒரு தேர்வு மேடை ஏறுகிறது. நன்றாக வாசிக்கிறார்கள், தேவையான மதிப்பும் கிடைக்கிறது. ஆனாலும் 'ராக் இசைக்கு இந்த நகரத்தில் இடமில்லை' என்று நடுவர்கள் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அந்த மேடையிலேயே நாம் பட்டன்களைப் பழகிக்கொள்கிறோம். பயிற்சியும் அவமானமும் ஒரே காட்சியில் முடிந்துவிடுகின்றன. தகுதி இருந்தும் ஆள் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்படும் அந்த நிமிடம் எங்கோ ஓர் அயல்நாட்டுக் கற்பனையில் பிறந்ததாக எனக்குப் படவில்லை. குரல்களில் பல மலேசிய நடிகர்களுடையவை. கதையின் நடுவே வரும் டிகே வெஸ்ட் என்ற பாத்திரம், கிளந்தானின் டிக்கிர் பாராட்டையும் வாயாங் கூலிட் நிழல்கூத்தையும் உடுத்திக்கொண்டு மலாயில் பாடிச் சண்டைக்கு வருகிறது. உலகம் முழுக்க ஆடினார்கள். மலாய் புரியவில்லை என்று யாரும் ஆட்டத்தை மூடிவைக்கவில்லை.

முதல் காட்சி எழுதுவது சினிமா எழுதுவது போலத்தானே என்று நினைப்பவர்கள் ஒரு வரி எழுதிக் கொண்டுபோய் அனிமேட்டரிடம் கொடுத்துப் பார்க்கலாம். 'அவன் அவளுடைய கையைப் பிடித்தான்.' நான்கே சொல். சினிமாவில் இரண்டு நடிகர்கள் இருந்தால் போதும். இங்கே இரண்டு எலும்புக்கூடுகள், பத்து விரல்களோடு இன்னொரு பத்து. விரல் தோலுக்குள் புகுந்து மறுபக்கம் வராமல் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். 'சட்டையைக் கழற்றி எறிந்தான்' என்று எழுதினால் உங்களை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். மழை, நீளமான கூந்தல், சேலை முந்தானை, நூறு பேர் கூட்டம் எல்லாம் தனித்தனிச் செலவுக் கணக்குகள். அனுபவப்பட்ட எழுத்தாளர் கதவு திறக்கும் சத்தத்தை மட்டும் எழுதுவார். கதவு திரைக்கு வெளியே இருக்கும்.

எழுத்திலிருந்து திரைவரை அது நடக்கும் வழியும் நீளம். பக்கத்தைக் கட்டம் கட்டமாக ஸ்டோரிபோர்டாக வரைவார்கள். அந்தக் கட்டங்களைத் தற்காலிகக் குரலோடு ஓடவிட்டால் அனிமேட்டிக். அங்கேயே பாதி வசனம் உதிர்ந்துவிடும், ஏனென்றால் முகம் சொல்லிவிட்டதை வாய் திரும்பச் சொல்வது அப்போதுதான் உறைக்கும். பிறகு உருவம், எலும்பு, அசைவு, ஒளி, குரல், உதட்டசைவு. இத்தனையும் முடியும்போது ஆட்டத்தின் கதை பாதி மாறியிருக்கும். முதல் காட்சியைத் திரும்ப எழுத வேண்டிவரும். ஆடுபவன் முதலில் பார்ப்பது பல நேரம் எழுதுபவன் கடைசியாக முடித்ததாக இருக்கும்.

அப்படிப்பட்ட காட்சி ஒன்று என் அக்கா மகனிடம் வந்துசேர்ந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படம் தொடங்கி நான்கு நொடி இருக்கும், அவன் கட்டைவிரல் பட்டனைத் தேடியது.

"டேய், கதையக் கொஞ்சம் பாருடா" என்றேன்.

"கதைய அப்புறமா யூடியூப்ல பாத்துக்கலாம் மாமா. கூட்டாளிங்க எல்லாம் உள்ள நிக்கிறானுங்க."

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் பொறியைக் கொடுத்துவிட்டு ஒன்றையும் தொடாதே என்று உட்காரவைத்தால் எவனுக்கும் விரல் ஊறும். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து அறிவிப்பு கொடுப்பான், கேலி பேசுவான், ராஜாவையே சீண்டுவான். ஆனால் ராஜா திரைக்குப் பின்னால் காலைத் தட்டிவிட்டால் பேச்சை முடித்துக்கொள்வான். ஆட்டக் காட்சிகளை எழுதுவோர் அவனிடம் பாடம் கேட்கலாம்.

தமிழில் தொடங்கும் முதல் காட்சி ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் கனடாவைக் காட்டுவேன். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-இல் வெளியிட்ட வெண்பா. காலம் 1988. தமிழ்நாட்டிலிருந்து குடிவந்த வெண்பாவுக்கு உடம்பு சரியில்லை. கணவன் பாவலன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் சாப்பிட ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விடுபட்ட வரியைக் கண்டுபிடித்து இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று யோசிப்பதுதான் ஆடுபவனின் முதல் வேலை. வீட்டில் இன்னோர் உயிர் வரப்போகிற செய்தியும் அந்த அடுப்படிக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. அந்நிய நாட்டில் பிள்ளை வளர்ப்பது பற்றிய முழு ஆட்டத்துக்கும் தரை அங்கேயே போடப்பட்டுவிட்டது. 2024-இல் சுயாதீன ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும்பரிசும், பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருதும் அதற்குக் கிடைத்தன.

நாமும் இட்லி எழுத வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நம்மிடம் இருக்கும் சரக்கு வேறு. மலேசியத் திரையில் தமிழன் வராமல் இல்லை. உப்பின் இப்பின் அனிமேஷன் தொடரில் ராஜுவும் அங்கிள் முத்துவும் இருக்கிறார்கள், குழந்தைகளுக்குப் பிடித்தமானவர்கள். ஆனால் அவர்கள் கம்பத்துக்குள் வந்துபோகிறவர்கள். கதை அவர்கள் வாசலில் தொடங்குவதில்லை.

இந்த ஸ்டூடியோக்களைச் சுற்றி நாம் குடியிருக்கும் மண்ணை ஒருதரம் பார்த்தாலே போதும். புத்ராஜெயா முன்பு பிராங் பெசார் தோட்டம். யு.எஸ்.ஜே.யும் அதன் சுற்றுவட்டாரமும் சீஃபீல்டு தோட்டம். லயத்து வரிசைகள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள். பால்மரத்து நிரைகளைச் சாய்த்துத்தான் மல்டிமீடியா பெருவழியே போனது. அங்கே வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, தாங்கள் பார்த்திராத ஐரோப்பியக் கோட்டைகளுக்குப் பாசி பூசிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல சம்பளம், நல்ல வேலை, கேலி செய்யவில்லை.

எழுத வேண்டிய முதல் காட்சி கிள்ளானில் கிடக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, தோட்டத்துப் பெண்களிடம் துரைமாரும் கிராணிகளும் கைவைப்பதை நிறுத்துவது, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவம், கள்ளுக்கடையை மூடுவது, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை என்று அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று மற்றவற்றைப் போல் இல்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம், ஏறியபடியே போக விட வேண்டும் என்பது அது. மே மாதத்தில் நாதனைக் கைதுசெய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள்.

வேலைநிறுத்தத்தையும் துப்பாக்கிச்சூட்டையும் முதல் காட்சியாக எழுதத்தான் எல்லாருக்கும் கை போகும். கூட்டம், புகை, ஓட்டம், கண்ணீர். செலவு எகிறும், பார்ப்பவன் ஸ்கிப் பட்டனைத் தேடுவான். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

வெளி. தோட்டத்துச் செம்மண் சாலை. முற்பகல். இரண்டு பக்கமும் பால்மரம். வேலை முடிந்து ஒருவன் சைக்கிளில் வருகிறான். ஹாண்டிலில் காலி வாளி ஆடுகிறது. வசனம் இல்லை, வாளிச் சத்தம் மட்டும். தூரத்தில் ஒரு கார் வளைவில் திரும்புகிறது. திரையின் அடியில் ஒரு சொல் தோன்றுகிறது: இறங்கு.

பட்டன் இப்போது ஆடுபவன் கையில். அழுத்தினால் அவன் இறங்கித் தலைகுனிந்து நிற்பான், கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகும், ஆட்டம் தொடங்கும். அழுத்தாமல் மிதித்துக்கொண்டே போனால் கார் நிற்கும். அப்போதும் ஆட்டம் தொடங்கும், வேறு மாதிரி. ஸ்கிப் பண்ண இங்கே ஒன்றுமே இல்லை.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஓர் ஆள், ஒரு சைக்கிள், ஒரு கார். யாரும் யாரையும் தொடுவதில்லை. தோட்டக் காடு என்பது கணினிக்கு மிகவும் மலிவான காடு; வெள்ளைக்காரன் அளவு பிடித்து ஒரே மரத்தை நிரை நிரையாக நட்டுவைத்திருக்கிறான், நான்கைந்து மரம் செதுக்கினால் மிச்சத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். மரத்தில் வெட்டுக்காயத்தின் சரிவையும் மங்கு கட்டிய கம்பியையும் சரியாகப் போட்டுவிட்டால் தோட்டத்துக்காரர் நம்பிவிடுவார். குரலுக்கும் எங்கும் அலைய வேண்டாம். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் வழியில் அங்காசாபுரி, மின்னல் எஃப்.எம். இருக்கும் இடம். வானொலி நாடகத்தில் பழகிய தொண்டைகள் அங்கே உண்டு. அடுத்த சில நிமிடத்தில் கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ். அசைவுப் பதிவுக்கு உடம்பு தெரிந்த ஆட்கள் வேண்டுமென்றால் அங்கே டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் நடனம் கற்றவர்களைக் கேட்கலாம். ஒரே ரயில் பாதைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எழுத்துருவில் ஒரு தொல்லை இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பல ஆட்டப் பொறிகள் ஆங்கில எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கத்தான் தெரிந்தவை. நம் கொம்பும் காலும் எழுத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார வேண்டும். தெரியாத பொறியில் போட்டால் கொம்பு பின்னால் போய் நிற்கும், நடுவே புள்ளிவட்டம் முளைக்கும். எழுத்தைக் கோத்துக் கொடுக்கும் நிரல் நூலகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியீட்டுக்கு முந்தின வாரம் தமிழைச் சேர்க்க முடியாது.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அலுவலகத்தில் கோட்டைக்குப் பாசி பூசுங்கள். ஒரு சனிக்கிழமை மட்டும் கிள்ளானிலோ பந்திங்கிலோ பால் வெட்டிய ஒரு பாட்டியைத் தேடிப் போய், துரை வந்தால் சைக்கிளில் போனவர்கள் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் தமிழில் எழுதுங்கள். 1941-இல் பால் வெட்டியவர்களுக்கு இப்போது நூறு வயது நெருங்கிவிட்டது; அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கே எண்பது ஆகிறது. அடுத்த வருடம் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.